பாதி மேட்ச்னா பாதி குணமா?

ரத்தப்புத்து வந்த தங்கச்சிக்கு ஸ்டெம் செல் குடுத்தது நான்தான்னு மஞ்சக்குப்பத்துல நெறைய பேருக்கு தெரிஞ்சு போச்சு. கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வச்சிருந்தா அப்படித்தான், பட்டா காப்பி எடுக்க வந்தவரு கூட காசு குடுத்துட்டு கெளம்பாம நின்னு எதாவது கேட்டுட்டுதான் போவாரு. முதுகெலும்புல ஓட்ட போட்டு உறிஞ்சி எடுத்தாங்களாமே, இனிமே நீ வெயிட் தூக்கக்கூடாதாமே, கொழந்த பொறக்காதாமே (எனக்கு ஏற்கனவே ரெண்டு இருக்கு, மூணாவதுக்கு எண்ணமும் இல்ல), இப்படி. இதெல்லாம் சிரிச்சிட்டே பதில் சொல்லிட்டேன். ஆனா ரிட்டயர் ஆன விஏஓ ஒருத்தர் கேட்ட கேள்விக்கு மட்டும் கவுன்ட்டர்ல நின்னுகிட்டு பதில் சொல்ல முடியல. "தம்பி, பாதிதான் மேட்ச்னு சொல்றாங்க, அப்ப நோயும் பாதிதான் குணமாவுமா?"ன்னாரு. நல்ல கேள்விங்க அது. உலகம் பூரா டாக்டருங்க அம்பது வருஷமா மண்டைய ஒடச்சிகிட்ட கேள்வியே கிட்டத்தட்ட அதுதான். அதுக்குதான் இந்த போஸ்ட்.

நான் டாக்டர் இல்ல, பி.காம் படிச்சவன். ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து வேற வேல இல்லாம படிச்சது, ரவுண்ட்ஸ் வர்ற சின்ன டாக்டரம்மாவ பிடிச்சி வச்சி கேட்டது, இதுதான் என் சரக்கு.

மொதல்ல நோய். தங்கச்சிக்கு வந்தது ஏஎம்எல், அக்யூட் மைலாய்ட் லுக்கேமியா. எலும்புக்குள்ள இருக்குற மஜ்ஜையிலதான் நம்ம ரத்தம் பூரா தயாராவுது, ஒரு நாளைக்கு சிவப்பணு மட்டும் சுமாரா 20,000 கோடி. இவ்வளவுக்கும் மூலம் அங்க இருக்குற கொஞ்சூண்டு ஸ்டெம் செல்லுங்கதான், அதுலேர்ந்துதான் சிவப்பு, வெள்ள, ப்ளேட்லெட் எல்லாம் பிரிஞ்சி வருது. அந்த எடத்துல ஒரு செல்லு கெட்டுப்போயி, வளராத வெள்ளையணுவா பெருகி மஜ்ஜைய ரொப்பிடுச்சின்னா அதுதான் லுக்கேமியா. அவளுக்கு மொதல்ல வந்தது ஈறுல ரத்தமும் தொடையில நீலம் நீலமா திட்டும்தான், எங்கயாவது இடிச்சிகிட்டிருப்பன்னு நெனச்சிருக்கா. கீமோ வழக்கமான செவன் ப்ளஸ் த்ரீ, அதாவது சைட்டராபின் ஏழு நாள் டானோரூபிசின் மூணு நாள். நல்லா கேட்டுச்சு, ரெமிஷன் வந்துட்டா, அதாவது டெஸ்ட்ல நோய் தென்படல. ஆனா ஜெனடிக் ரிப்போர்ட்ல திரும்பி வர்ற ரிஸ்க் ஜாஸ்தின்னு இருந்துச்சு, அதனால வர்றதுக்கு முன்னாடியே ட்ரான்ஸ்பிளான்ட் பண்ணிடணும்னு பாண்டியில டாக்டர் சொன்னாரு. எந்த ஆஸ்பத்திரின்னு போடல, விளம்பரமும் வேணாம் விவாதமும் வேணாம்.

இப்ப மேட்ச் சமாச்சாரம். இது ரத்த குரூப் இல்ல, எல்லாரும் அங்கதான் கொழம்புறாங்க. எச்எல்ஏன்னு ஒரு ஜீன் கூட்டம் நம்ம ஆறாவது குரோமோசோம்ல இருக்கு. உடம்புல உள்ள கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லும் "நான் இந்த வீட்டு ஆளு"ன்னு காட்டுறது இத வச்சிதான். இது மொத்தமா ஒரு செட்டா அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு வரும். அதனால கூடப்பொறந்த ஒருத்தரு ரெண்டு செட்டும் ஒண்ணா இருந்து முழு மேட்ச் ஆவுறதுக்கு நாலுல ஒரு சான்ஸ், பாதி மேட்ச்சுக்கு நாலுல ரெண்டு, சுத்தமா சேராததுக்கு நாலுல ஒண்ணு. பெத்தவங்களுக்கும் புள்ளைங்களுக்கும் நடுவுல எப்பவுமே பாதியாவது சேரும். எங்க வீட்ல நாங்க ரெண்டே பேரு, எனக்கு பாதிதான் வந்துச்சு. அம்மாவும் பாதி, ஆனா வயசு அறுபத தாண்டிடுச்சு, சுகர் வேற. தங்கச்சி பையனும் பாதி, பொடியன். பொதுவா டோனர் சின்ன வயசா இருந்தா நல்லதுன்றாங்க, ஆனா பெரியவங்க ஆரோக்கியமா இருக்கறப்ப கொழந்தைய தொடறதில்ல. அதோட இன்னொண்ணு, புள்ள பெத்த பொம்பளைங்க உடம்புல அந்த புள்ளையோட அப்பன் பக்கத்து எச்எல்ஏவுக்கு எதிரா ஆன்டிபாடி உண்டாயிருக்கலாம், அப்படி இருந்து அதே புள்ளையோட செல்ல குடுத்தா ஒட்டாம தள்ளிடும். அதனால டோனர் செல்லுக்கு எதிரா ஆன்டிபாடி இருக்கான்னு தனியா ஒரு டெஸ்ட் எடுத்தாங்க. என் செல்லுக்கு எதிரா ஒண்ணும் இல்ல. ஆக நான்.

இதுல நம்ம ஊரு கூத்து ஒண்ணு. மாமன் மகள கட்டாத, அக்கா மகள கட்டாத, புள்ளைங்களுக்கு நோய் வரும்னு டாக்டருங்க தலபாடா அடிச்சிகிறாங்க, அது சரிதான். ஆனா தலைமுறையா சொந்தத்துக்குள்ளயே கட்டுன குடும்பத்துல அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே எச்எல்ஏ செட்டு இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, அப்ப பெத்தவங்களே முழு மேட்ச் ஆவலாம், சித்தி பையன் மாமா பொண்ணு யாராவது கூட ஆவலாம். அதனால நம்ம பக்கத்துல கூடப்பொறந்தவங்களோட நிறுத்தாம சொந்தத்துலயும் தேடிப்பாக்கறது உண்டு. எங்க அப்பா பிடிவாதமா அசல்ல கட்டுனவரு, அதனால எங்களுக்கு அந்த லக்கு இல்ல.

வெளி ஆளு ரெஜிஸ்ட்ரியிலயும் தேடுனாங்க. சென்னையில தாத்ரின்னு 2009லேர்ந்து ஒண்ணு நடத்துறாங்க, கன்னத்து உள்பக்கம் பஞ்சு குச்சிய தடவி அனுப்புனா பேரு பதிஞ்சிடும். உலகத்துல இருக்குற பெரிய ரெஜிஸ்ட்ரில எல்லாம் வெள்ளக்காரங்கதான் அதிகம், நம்ம எச்எல்ஏ அவங்களோட சேர்றது கஷ்டம், நம்ம ஜனத்தொகைக்கு நம்மாளுங்க பதிஞ்சது ரொம்ப கொஞ்சம். அப்படியே கெடச்சாலும் அவரு சம்மதிச்சி, டெஸ்ட் எடுத்து, தேதி குடுத்து வர்றதுக்குள்ள மாசங்க ஓடிடும். ஏஎம்எல் காத்திருக்காது.

செல்லு குடுத்தது எப்படின்னு சொல்லிடறேன், இதுலதான் பயம் ஜாஸ்தி. ஜி-சிஎஸ்எஃப்னு ஒரு ஊசி, சர்க்கரைக்காரங்க போட்டுக்குவாங்களே அந்த மாதிரி தோலுக்கு அடியில, வரிசையா அஞ்சு நாள். மஜ்ஜையில இருக்குற ஸ்டெம் செல்ல ரத்தத்துக்கு கெளப்பி விடறதுதான் அதோட வேல. மூணாவது ஊசிக்கு மேல இடுப்பெலும்பும் நடு முதுகும் குடைய ஆரம்பிச்சிடுச்சு, ராத்திரி பொரண்டு படுக்க முடியல, பாராசிட்டமால் போட்டா தேவல. அப்புறம் ரத்த வங்கியில ஒரு மெஷின், ஒரு கையிலேர்ந்து ரத்தம் போயி உள்ள சுத்தி ஸ்டெம் செல் இருக்குற அடுக்க மட்டும் எடுத்துகிட்டு மிச்சத்த இன்னொரு கை வழியா திருப்பி குடுத்துடும். நாலஞ்சு மணி நேரம். ரெண்டு கையும் நீட்டுனபடி ஆடாம படுத்திருக்கணும், அப்ப பாத்து மூக்கு அரிக்குது பாருங்க, அம்மாதான் சேலத் தலைப்பால சொறிஞ்சி விட்டாங்க. பாதியில ஒதடும் விரல் நுனியும் குறுகுறுன்னு மரத்துச்சு, பயந்துட்டேன், நர்சு வந்து "ரத்தம் ஒறையாம இருக்க சிட்ரேட் சேக்கிறோம் சார், அது கால்சியத்த கொஞ்சம் புடிச்சிக்கும், அதான்"னு சொல்லி கால்சியம் குடுத்தாங்க, சரியாயிடுச்சு. கடைசியில மேல தொங்குன பையில தக்காளி ரசம் கலர்ல இருந்துச்சு, ஒரு டம்ளர் அளவுதான் வரும். வாங்கிக்கறவங்க எடையில கிலோவுக்கு கொறஞ்சது 20 லட்சம் சிடி34 செல்லாவது (ஸ்டெம் செல்ல எண்ண வச்சிருக்குற அடையாளம் அது) தேவை, அம்பது லட்சம் வந்தா சந்தோஷம். எண்ணிப்பாத்து ஒரே நாள்ல போதும்னாங்க. ரெண்டு நாள்ல கடைய தொறந்துட்டேன்.

முதுகெலும்புல ஓட்டைன்னு ஊர்ல பேசுறது பழைய முறையோட கோணல் கதை. மயக்கம் குடுத்து இடுப்பெலும்புல ஊசி போட்டு மஜ்ஜைய எடுக்கற முறை இன்னும் இருக்கு, ஆனா அது இடுப்பு, முதுகுத்தண்டு இல்ல. சில பேருக்கு அதுவே நல்லதும் கூட. 2012ல அமெரிக்காவுல ரெண்டையும் ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, வெளி ஆளுங்க டோனரா இருந்தப்ப பொழச்சவங்க எண்ணிக்கையில வித்தியாசம் இல்ல, ஆனா நாள்பட்ட ஜிவிஎச்டி ரத்தத்துலேர்ந்து எடுத்ததுல 53 சதம், மஜ்ஜையில எடுத்ததுல 41 சதம். ஜிவிஎச்டின்னா என்னன்னு இப்ப வர்றேன், மொத்த கதையே அதுதான்.

கிட்னி மாத்தறப்ப நம்ம உடம்பு வந்த கிட்னிய எதுக்கும். இங்க தலகீழ். வந்து எறங்குற செல்லுலதான் எதிர்ப்பு சக்தி இருக்கு, அது வாங்குன உடம்பையே "இது யாரு வீடு"ன்னு பாத்து அடிக்க ஆரம்பிச்சிடும். தோலு, கொடலு, ஈரல் இந்த மூணும்தான் மொதல்ல அடிவாங்கும். இதுக்குதான் கிராஃப்ட் வெர்சஸ் ஹோஸ்ட், சுருக்கமா ஜிவிஎச்டி.

டொனால் தாமஸ்னு ஒரு டாக்டர், அமெரிக்காவுல கூப்பர்ஸ்டவுன்ற சின்ன ஊர்ல இருந்தவரு, 1957ல ஆறு பேருக்கு அடுத்தவங்க மஜ்ஜைய ரத்தக்கொழாய் வழியா ஏத்தி அத எழுதி வெளியிட்டாரு. ரெண்டு பேருக்கு மட்டும் கொஞ்ச நாள் ஒட்டுச்சு, நூறு நாள தாண்டுனவங்க யாரும் இல்ல. எச்எல்ஏன்ற விஷயத்தயே பாரீஸ்ல ழான் தோசே 1958லதான் கண்டுபிடிக்கிறாரு, அதனால யாரு யாருக்கு சேரும்னே அப்ப தெரியாது. அறுபதுகள்ல பாதி டாக்டருங்க இது நடக்காத காரியம்னு விட்டுட்டாங்க. தாமஸ் விடல, நாய்ங்ககிட்ட வருஷக்கணக்கா சோதன பண்ணி, சியாட்டில் போயி, 1977ல நூறு பேரோட கணக்க சொன்னாரு. எல்லாம் வேற எந்த மருந்துக்கும் கேக்காத கடைசி கட்ட லுக்கேமியா. அதுல பதிமூணு பேரு நோயில்லாம உசுரோட இருந்தாங்க. பதிமூணுதானான்னு தோணும், ஆனா அதுக்கு முன்னாடி அந்த நெலமையில இருந்தவங்க பொழைக்கிறதே இல்ல. 1990ல அவருக்கு நோபல் குடுத்தாங்க. நம்ம நாட்ல மொதல் ட்ரான்ஸ்பிளான்ட் 1983ல பம்பாய் டாட்டா மெமோரியல்ல, நம்ம பக்கத்துல 1986ல வேலூர் சிஎம்சியில.

அப்பல்லாம் முழு மேட்ச் கெடச்சாதான் உண்டு. பாதி மேட்ச்ல பண்ணுனா ஜிவிஎச்டி ஆள கொன்னுடும். சரி, அடிக்கிற டி-செல்லுன்ற வெள்ளையணுவ எல்லாம் வடிகட்டிட்டு வெறும் ஸ்டெம் செல்ல மட்டும் குடுக்கலாமேன்னு பண்ணிப்பாத்தாங்க. ஜிவிஎச்டி கொறஞ்சிது, ஆனா கேன்சர் திரும்பி வர ஆரம்பிச்சிது. 1990ல 2,254 பேரோட விவரத்த வச்சி ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல பாருங்க, அச்சு அசலா ஒரே மாதிரி இருக்குற ரெட்டப்பொறவிகிட்ட வாங்குனவங்களுக்குதான் லுக்கேமியா அதிகமா திரும்பி வந்திருக்கு, டி-செல்ல வடிகட்டுனவங்களுக்கும் அதே கதி, லேசா ஜிவிஎச்டி வந்தவங்களுக்கு கேன்சர் கம்மியா திரும்பியிருக்கு. நான் இத படிச்சப்ப வராண்டாவுல எழுந்து நின்னுட்டேன். அதாவது நூத்துக்கு நூறு மேட்ச் ஆனா மருந்து வேல செய்யல! கீமோ தப்பவிட்ட கேன்சர் செல்ல தேடிப்புடிச்சி கொல்றதே வந்த ஆளோட டி-செல்லுதான், அது கொல்லணும்னா கொஞ்சமாவது வித்தியாசம் தெரியணும். புது மஜ்ஜை வக்கிறதுன்னு நாம நெனைக்கிறோம், ஆனா அதுல பாதி வேல புது எதிர்ப்பு சக்திய கொண்டு வந்து வக்கிறது. இத கிராஃப்ட் வெர்சஸ் லுக்கேமியான்றாங்க. அதே 1990ல ஜெர்மனியில கோல்ப்னு ஒருத்தர் கேன்சர் திரும்பி வந்தவங்களுக்கு பழைய டோனரோட வெள்ளையணுவ மட்டும் மறுபடி ஏத்தி நோய அடக்கி காட்டிட்டாரு.

அப்ப பிரச்சன என்னன்னா, அந்த டி-செல்லு வேணும், ஆனா உடம்ப திங்கக்கூடாது. இதுக்கு வந்த தீர்வு ரொம்ப சீப்பான, ரொம்ப பழைய மருந்துல வந்துச்சு. சைக்ளோஃபாஸ்ஃபமைட், உலகப்போர்ல போட்ட மஸ்டர்ட் கேஸ் வம்சத்துல வந்தது, அம்பதுகள்லேர்ந்து இருக்கு. பால்டிமோர்ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல லுஸ்னிக், ஃபக்ஸ்னு ரெண்டு பேரு குழுவா சேந்து இத பாதி மேட்ச்சுக்கு பழக்கி 2008ல வெளியிட்டாங்க. கதை இதுதான்: செல்ல ஏத்தி மூணாவது நாளு நாலாவது நாளு இந்த மருந்த பெரிய டோஸ்ல குடுக்கறது. ஏத்துன உடனே, உடம்ப பாத்து கோவப்படுற டி-செல்லுங்கதான் வேகவேகமா பெருகும், மத்ததெல்லாம் சும்மா கெடக்கும். பெருகுற செல்ல கொல்றதுதான் இந்த மருந்தோட கொணம், அதனால கோவக்காரன் மாட்டிகிறான். ஸ்டெம் செல்லுகிட்ட இந்த மருந்த ஒடைக்கிற என்ஸைம் நெறைய இருக்கறதால அது தப்பிச்சிக்குது. சண்டைய அடக்கி வக்கிற ரெகுலேட்டரி டி-செல்லுன்னு ஒரு வகை, அதுவும் தப்பிச்சிக்குது, நெசமா காப்பாத்தறதே அதுதானோன்னு இப்ப ஆராய்ச்சி போயிட்டிருக்கு.

இது தங்கச்சி ரூம்ல எப்படி இருந்துச்சுன்னா. மொதல்ல அவ சொந்த மஜ்ஜைய காலி பண்ண ஃப்ளூடராபினும் மெல்ஃபலானும் குடுத்தாங்க. மெல்ஃபலான் ஏறும்போது ஐஸ் கட்டிய வாயில போட்டு சப்பிகிட்டே இருக்க சொன்னாங்க, வாய்க்குள்ள ரத்தக்கொழாய் சுருங்கி மருந்து அங்க கம்மியா போவும், புண்ணு கம்மியா வரும், அவ்வளவுதான் டெக்னிக். அம்மா கண்ணாடிக்கு வெளியில நின்னு "ஐயோ சளி புடிக்கும், ஐஸு குடுக்காதீங்கம்மா"ன்னு இன்டர்காம்ல நர்ச திட்டிகிட்டு இருந்தாங்க. டே ஸீரோ அன்னிக்கி என் பைய கொண்டாந்து நெஞ்சுல வச்ச லைன்ல மாட்டுனாங்க, சாதாரண ரத்தம் ஏறுற மாதிரி ஏறிடுச்சு, ஆபரேஷன் தியேட்டரும் இல்ல ஒண்ணும் இல்ல. மறுநாள் காய்ச்சல் 103. நடுங்குறா. மாப்ள போன்ல அழுவுறாரு. இன்ஃபெக்ஷனா இருக்கலாம்னு கல்ச்சர் எடுத்து ஆன்டிபயாடிக் போட்டாங்க, ஆனா பெரிய டாக்டர் பெருசா பதறல, "பாதி மேட்ச்ல இது எதிர்பாத்ததுதான், உங்க செல்லு முழிச்சிகிச்சு, மூணாம் நாள் மருந்து போனா எறங்கிடும், அதுவரைக்கும் ஸ்டீராய்டு குடுக்காம சமாளிக்கணும்"னாரு. ஸ்டீராய்டு குடுத்தா டி-செல்லு பெருகாம அடங்கிடும், பெருகுலன்னா மருந்துல மாட்டாது! அந்த லாஜிக் எனக்கு புரிஞ்சப்ப காய்ச்சல்மேல இருந்த பயம் கொஞ்சம் போச்சு. சொன்னபடி சைக்ளோ ரெண்டு டோஸும் போன பெறவு எறங்கிடுச்சு. அந்த மருந்து மூத்திரப்பைய புண்ணாக்கும்னு கூடவே மெஸ்னான்னு ஒண்ணும் லிட்டர் கணக்குல தண்ணியும் ஏத்துனாங்க.

அப்புறம் காத்திருக்கறதுதான். தெனம் காலையில கவுன்ட் ரிப்போர்ட். வெள்ளையணு சுத்தமா சைபருக்கு பக்கத்துல. நியூட்ரோஃபில்ன்ற வெள்ளையணு 500ஐ தாண்டி மூணு நாள் நிக்கணும், அப்பதான் ஒட்டிகிச்சுன்னு அர்த்தம், ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. அந்த நாள்ல சுடச்சுட ஆவி பறக்குற இட்லி மட்டும்தான், பச்சையா எதுவும் கூடாது, அவ பாவம் பண்ருட்டி பலாச்சொளையா நெனச்சிகிட்டு கெடந்தா.

விஏஓ சார் கேட்டதுக்கு இப்ப பதில் சொல்றேன். குணமாவுறது பாதி பாதியா நடக்கறதில்ல சார். ஒட்டுனா பெரும்பாலும் முழுசா ஒட்டும், அவ மஜ்ஜை பூரா இப்ப என் செல்லுதான். சேராத அந்த பாதி இருக்கு பாருங்க, அதுதான் ஆபத்தும், அதுதான் மருந்தும். இன்னொரு வேடிக்கை, பாதி மேட்ச்சுக்குன்னு கண்டுபிடிச்ச அந்த மூணாம் நாள் சைக்ளோவ முழு மேட்ச்காரங்களுக்கும் குடுத்து பாத்தாங்க. 2023ல வந்த அமெரிக்க ஆய்வு, 431 பேரு. ஒரு வருஷத்துல பெரிய ஜிவிஎச்டியும் இல்லாம நோயும் திரும்பாம உசுரோட இருந்தவங்க பழைய மருந்துல 34.9 சதம், சைக்ளோ குடுத்ததுல 52.7 சதம். ஏழை வீட்டு வைத்தியத்த பணக்காரன் கேட்டு வாங்கிட்டு போன கணக்கா போச்சு. நம்ம நாட்டுக்கு இது பெரிய விஷயம், ஏன்னா வெளிநாட்டு டோனர்கிட்டேர்ந்து செல்ல வரவழைக்க லட்ச லட்சமா ஆவும், வீட்ல ஒரு அண்ணன் தம்பி அம்மா இல்லாதவங்க நம்ம ஊர்ல கம்மி.

ஆனா எல்லாம் தீந்துடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். பாதி மேட்ச்சுக்குன்னே ஒரு தனி தில்லாலங்கடி இருக்கு. 2009ல இத்தாலியில மிலான்ல வாகோன்றவரும் அவரு கூட்டாளிங்களும் பாத்தது: திரும்பி வந்த சில லுக்கேமியா செல்லுங்க, டோனரோட சேராத அந்த எச்எல்ஏ பாதிய மட்டும் தூக்கி கடாசிட்டு, சேர்ற பாதியவே ரெண்டு காப்பியா வச்சிகிட்டு வந்திருக்கு! டோனரோட டி-செல்லு பாத்தா வித்தியாசமே தெரியாது, நம்ம ஆளுதான்னு விட்டுடும். அப்படி ஆனா அதே டோனரோட வெள்ளையணுவ மறுபடி ஏத்தி பிரயோஜனம் இல்ல, வேற பாதி சேர்ற ஆள பாக்கணும். கேன்சர் செல்லுக்கு மூள இல்லன்னு யாரு சொன்னது. அதனாலதான் திரும்பி வந்தா அந்த டெஸ்டும் எடுக்கணும்னு இப்ப சொல்றாங்க.

சிஎம்வின்னு ஒரு வைரஸ், நம்மள்ல முக்காவாசி பேருக்கு மேல உள்ள தூங்கிட்டு இருக்குறது, எதிர்ப்பு சக்தி இல்லாதப்ப முழிச்சிக்கும், வாரா வாரம் அதுக்கு டெஸ்ட். எதிர்ப்பு சக்திய அடக்கி வக்கிற டாக்ரோலிமஸ் மாத்திர போடறவரைக்கும் பம்ப்ளிமாஸ் தொடக்கூடாது, மருந்து ரத்தத்துல எகிறிடும். இதெல்லாத்துக்கும் ஆஸ்பத்திரி பக்கத்துலயே நூறு நாளாவது இருக்கணும்னு தட்டாஞ்சாவடியில ஒரு வீடு எடுத்தோம், கடலூர்லேர்ந்து பாண்டி என்ன தூரம், பஸ்ஸுல ஒரு மணி நேரம் கூட இல்ல, ஆனா ராத்திரி காய்ச்சல் வந்தா அந்த ஒரு மணி நேரம் பெருசு. அட்வான்ஸ், வாடகை, கூட இருக்க ஆளு, அந்த ஆளோட சம்பளம் போறது, இந்த செலவு எந்த இன்சூரன்ஸ் கார்டுலயும் வராது. மருந்து ஆராய்ச்சி எங்கயோ போயிடுச்சு, நம்ம பக்கத்துல நெறைய பேரு கவுர்றது இந்த எடத்துலதான்னு எனக்கு தோணுது. பக்கத்து ரூம்ல விழுப்புரம் பக்கத்துலேர்ந்து வந்த ஒரு குடும்பம் மாட்ட வித்துட்டு வந்திருந்தாங்க.

சிரிக்கவும் விஷயம் இருக்கு. அவ பி பாசிட்டிவ், நான் ஓ பாசிட்டிவ். சில மாசத்துல அவ குரூப்பு ஓ பாசிட்டிவா மாறிடுச்சு, லைசென்ஸ்ல இன்னும் பி பாசிட்டிவ்தான் கெடக்கு, ஆர்டிஓ ஆபீஸ்ல போயி என்னன்னு சொல்லி மாத்தறது. அதவிட, அவ ரத்தத்த குரோமோசோம் பாத்தா எக்ஸ்ஒய், அதாவது ஆம்பள ரத்தம். ஒட்டிகிச்சான்னு பாக்குற டெஸ்டே இதான், அண்ணன்கிட்டேர்ந்து தங்கச்சிக்கு வந்ததால ஒய் எவ்வளவு பர்சன்ட்னு எண்ணிட்டா போதும். நூறு சதம் வந்த அன்னிக்கி போன் பண்ணி "டேய் அண்ணா, இனிமே உன் கோவம் எனக்கு வந்தா நான் பொறுப்பில்ல"ன்னா. சின்ன வயசுல போட்ட தடுப்பூசி எதுவும் இப்ப கணக்குல இல்ல, எதிர்ப்பு சக்தியே புதுசு, அதனால மறுபடி மொதல்லேர்ந்து ஒவ்வொண்ணா போட்டுட்டு வர்றா, அவ பையன் "அம்மாவுக்கு போலியோ ஊசி"ன்னு ஸ்கூல்ல போயி சொல்லி வச்சிருக்கான்.

ரத்தப்புத்துன்னதும் எல்லாரும் ட்ரான்ஸ்பிளான்ட்னு ஓட வேணாம், இதையும் சொல்லிடணும். சிஎம்எல்னு ஒரு வகை, தொண்ணூறுகள்ல அதிகமா ட்ரான்ஸ்பிளான்ட் பண்ணுனதே அதுக்குதான். 2001ல இமாட்டினிப் மாத்திர வந்துச்சு, தெனம் ஒரு வேள மாத்திர போட்டுகிட்டு வேலைக்கு போறாங்க. அந்த மாத்திரையோட ஒரு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட பேட்டன்ட்ட சென்னை பேட்டன்ட் ஆபீஸ் மறுத்து, 2013ல சுப்ரீம் கோர்ட்டும் முடியாதுன்னதால இங்க வெல கம்மி. ஏபிஎம்எல்னு இன்னொரு வகைக்கு ஆர்சனிக், பாஷாணமேதான், வேலூர் சிஎம்சிக்காரங்க அத மட்டும் வச்சே நெறைய பேர குணப்படுத்தி காட்டுனாங்க. டி-செல்ல எடுத்து கேன்சர அடிக்கிற மாதிரி மாத்தி திருப்பி ஏத்துற கார்-டி செல் வைத்தியம், 2023 அக்டோபர்ல நம்ம நாட்லயே ஐஐடி பம்பாயும் டாட்டா மெமோரியலும் சேந்து உருவாக்குனதுக்கு அனுமதி கெடச்சிடுச்சு, ஆனா அது பி-செல் வகை லிம்ஃபோமா லுக்கேமியாவுக்கு. ஏஎம்எல்லுக்கு ஏன் இல்லன்னு டாக்டரம்மாகிட்ட கேட்டேன், ஏஎம்எல் செல்லுமேல இருக்குற அடையாளமெல்லாம் நல்ல ஸ்டெம் செல்லுமேலயும் இருக்கு, அத குறி வச்சா நல்லதும் சேந்து போயிடும்னாங்க. அதுக்கும் ஒரு வழி தேடுறாங்க, டோனரோட ஸ்டெம் செல்லுலேர்ந்து சிடி33ன்ற அடையாளத்த ஜீன் எடிட்டிங்ல எடுத்துட்டு ஏத்தறது, அப்புறம் சிடி33 இருக்குறதெல்லாம் கேன்சர்தான்னு தைரியமா அடிக்கலாம். மனுஷங்ககிட்ட சோதன நடந்திருக்கு, இன்னும் ஆஸ்பத்திரி வழக்கத்துக்கு வரல.

வீட்ல யாருக்காவது இது தேவப்பட்டா ஒண்ணே ஒண்ணு கேளுங்க. கூடப்பொறந்தவங்களுக்கு டெஸ்ட் எடுத்து "மேட்ச் இல்ல"ன்னு ஒரு வார்த்த வரும், அதோட எழுந்து வந்துடாதீங்க, பாதி மேட்ச் இருக்கா, ஹேப்லோ (பாதி மேட்ச் ட்ரான்ஸ்பிளான்ட்டுக்கு அவங்க பாஷை) இங்க பண்ணுவீங்களா, இல்லன்னா எங்க பண்ணுவாங்கன்னு கேளுங்க. முதல்வர் காப்பீட்டுக் கார்டு இருந்தா அட்மிஷனுக்கு முன்னாடியே அந்த கவுன்ட்டர்ல எவ்வளவு தாங்கும்னு கேட்டு எழுதி வாங்கிக்குங்க. ப்ளேட்லெட் குடுக்க ஆளுங்க லிஸ்ட்டு ஒண்ணு ரெடியா இருக்கணும், எங்களுக்கு திருப்பாப்புலியூர் பசங்க வேன் புடிச்சி வந்தாங்க. கூடப்பொறந்தவங்க மட்டும் ப்ளேட்லெட் குடுக்க நீட்டாதீங்க, ட்ரான்ஸ்பிளான்ட்டுக்கு முன்னாடி டோனரா வர சாத்தியம் இருக்குற சொந்தக்காரங்க ரத்தம் ஏத்தக்கூடாது, ஏத்துனா அவங்களுக்கு எதிரா ஆன்டிபாடி வந்துடலாம். என் கை மேலதான் மொதல்ல எல்லாருக்கும் கண்ணு போச்சு, நர்சுதான் தடுத்தாங்க.